எந்த பாஷையில் அவசரம்?

நகரியில் 'தறிக்கார வரதராஜன் வீடு எது' என்று கேட்டால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். 'அவசரம் வரதராஜன்' என்று கேட்டால் நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவன் கடையில் இப்போது நான் டீ குடிப்பதில்லை.

பெயர் வைத்ததோடு விட்டார்களா? ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். நான் திருப்பதியில் மைக் பிடித்துப் பேசினேன் என்கிறான் ஒருத்தன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள் என்கிறான் இன்னொருத்தன். மைக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்குத் தமிழ், வியாபாரத்துக்கும் ஆபீசுக்கும் தெலுங்கு, போன் நம்பர் சொல்ல இங்கிலீஷ். எனக்கும் அப்படித்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்குத் தெலுங்கு சுத்தமாக மறந்துபோகும். வாயைத் திறந்தால் தமிழ்தான் வரும். கோபம் ஒரு நாளைக்கு நாலு தடவை வரும். கரண்ட் போகிற நாளில் கணக்கே கிடையாது.

என் பெண் அகிலா இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தாள், என்ட்ரன்ஸ் எழுதினாள், திருப்பதியில் மாட்டு டாக்டர் படிப்புக்கு சீட்டும் வாங்கிவிட்டாள். அவள் அம்மா கங்கம்மாள்தான் கவுன்சலிங்குக்குக் கூட்டிப் போனவள். ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. "கை சுளுக்கிக்கிச்சு, புத்தூர்ல கட்டு போட்டுகினு வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள்.

"கட்டு எங்கடி?" என்றேன்.

"பஸ்லயே சரியாப் போச்சுய்யா" என்றாள். நானும் நம்பினேன்.

விஷயம் வெளியே வந்ததும் வீடு ரெண்டுபட்டது. மனுஷ டாக்டர் என்றாலும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். மாட்டு டாக்டர்! அதுவும் அஞ்சரை வருஷம்!

"பொம்பளப் புள்ள மாட்டு வயித்துல கைய வுட்டு கன்னு எடுக்கறதா? எவன் கட்டிக்குவான் உன்னை?" என்று கத்தினேன்.

"கைய வுடப் போறது நானு. மாடே கம்முனு நிக்கும். உனுக்கு இன்னா நைனா?" என்றாள் அகிலா.

"வாயப் பாரு" என்றேன்.

எனக்கு ஒரு பையனும் இருக்கிறான், யஸ்வந்த். சித்தூரில் இன்ஜினியரிங். மூன்று வருஷத்தில் பதினோரு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறான். அவனைப் படிக்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கங்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு பேப்பர் பெயிலு ஆனவன் படிக்கலாம். ஒரு பேப்பர் கூட பெயிலு ஆவாதவ படிக்கக் கூடாது. இன்னாயா உன் ஞாயம்?"

"அவன் ஆம்பளப் புள்ள."

"ஓ, பெயிலு ஆவறதுக்குக் கூட ஆம்பளையாப் பொறக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள், அன்றிலிருந்து குழம்பில் உப்பு போடுவதை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் உப்பில்லாத குழம்பு. கேட்டால் டப்பா காலி என்றாள். டப்பா நிறைய இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நானும் விடவில்லை. புத்தூர் புரோக்கர் கங்கையா சோளிங்கரில் ஒரு வரன் பார்த்துக் கொடுத்தார். நல்ல இடம், பையனுக்குக் கம்பெனி வேலை. பையனின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெண் மேலே படிக்கக் கூடாது. "எங்க ஊட்ல மாடே கெடையாது. மாட்டு டாக்டருக்கு இன்னா வேலை?" என்று அந்தம்மாள் கேட்டதாக கங்கையா சொன்னார். அன்றைக்கு எனக்கு அது ரொம்ப நியாயமான கேள்வியாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் காலேஜில் போய்ச் சொல்ல வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் அப்பாவின் கையெழுத்து ஒன்று. வேண்டாமென்றால் லெட்டர் கொடுத்து சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சீட்டு வேண்டாம் என்று யஸ்வந்தை விட்டு இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுத வைத்தேன். புதன்கிழமை காலையில் அகிலாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. லெட்டரை முழுக்கப் படித்தாள். அண்ணன் விட்டிருந்த இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுதிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். பிழை திருத்துகிற பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது? அவள் முகத்தில் கோபம் கூட இல்லை. யார் வீட்டுச் சாவோ நடக்கிறது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லெட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

காலேஜ் பெயர் எதற்கு? அங்கே கவுன்டரில் இருந்த அம்மாளுக்கு வேலையில் வம்பு வரக் கூடாது. அந்தம்மாள் ஸ்ரீகாகுளம் பக்கம். திருப்பதிக்கு மாற்றலாகி வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறதாம். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒரே ஒரு கவுன்டர். வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது.

எனக்குப் பின்னால் காளஹஸ்திக்காரர் ஒருத்தர் நின்றார், பாபு என்று பெயர். மகள் நீரஜாவைக் கூடவே கூட்டி வந்திருந்தார். அவரும் சீட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தவர். பெண் பிள்ளையை ஹாஸ்டலில் விட முடியாதாம். காளஹஸ்தி என்ன லண்டனிலா இருக்கிறது? ஒரு மணி நேர பஸ். ஆனால் அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை. "சரியாகச் சொன்னீர்கள்" என்று தெலுங்கில் ஒத்து ஊதினேன். நான் என் மகளுக்கு வரன் வந்த கதையைச் சொன்னேன். அவரும் "சரியாகச் சொன்னீர்கள்" என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தலையாட்டிக்கொண்டோம். அந்தப் பெண் நீரஜா ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அன்று காலையில்தான் என் வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணி போன் செய்தான். தறிக்குப் பாவு பிணைக்கிறவன். பழைய பாவு தீர்ந்தால் புது நூலை இழை இழையாக அவன் வந்து பிணைத்தால்தான் தறி ஓடும். அவன் ஒரு நாள் தவறினால் அடுத்த வாரம்தான் கிடைப்பான்.

"அண்ணே, வந்து குந்திகினு கீறேன். நீ எங்க கீற? மூணு மணிக்குள்ள வரலன்னா பொதட்டூர்பேட்டைக்குப் போயிகினே இருப்பேன்."

மணி அப்போதே பன்னிரண்டு. வரிசை நகர்ந்து என் முறை வந்தது. மகள் பெயரையும் நம்பரையும் சொன்னேன். அந்தம்மாள் பைலை எடுத்தார். கம்ப்யூட்டர் நின்றுபோனது. கம்ப்யூட்டர் வந்தது. அந்தம்மாளுக்கு ஒரு போன் வந்தது. போன் முடிந்ததும் டீ வந்தது. டீயை ஊதி ஊதிக் குடித்தார். மாசிலாமணி இன்னொரு தரம் கூப்பிட்டான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

அப்போதுதான் அந்தம்மாள் டம்ளரை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சீட்டு அவசரம் லேதா?"

அவசரம் இல்லையா என்று என்னைக் கேட்கிறார்! மூன்று மணி நேரமாகக் கால் கடுக்க நிற்கிறவனை! எனக்குத் தெலுங்கு அத்தனையும் ஓடிப்போனது.

"அவசரம்மா! ரொம்ப அவசரம்!" என்று மேசையில் ஒரு தட்டு தட்டினேன்.

அந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நிஜங்கானா?" என்றார். நிஜமாகவா என்று அர்த்தம்.

"நிஜம்தான்! அவசரம், அவசரம், அவசரம்! எத்தினி தபா சொல்றது?" மறுபடியும் மேசையைத் தட்டினேன்.

அந்தம்மாளின் முகம் அப்படியே மாறியது. மளமளவென்று ஒரு ஃபாரத்தை எடுத்து முத்திரை குத்தி என் பக்கம் திருப்பினார். விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். லெட்டரைக் கூடக் கேட்காமல் வேலை முடிந்துவிட்டதே என்று சந்தோஷம்தான் பட்டேன். பிறகு அந்தம்மாள் எழுந்து நின்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரித் தெலுங்கில் பேசினார்.

"எல்லாரும் கேளுங்கள். காலையிலிருந்து ஆறு அப்பாமார்கள் வந்து, பெண்ணுக்குப் படிப்பு வேண்டாம் என்று சர்டிபிகேட்டை வாங்கிப் போய்விட்டார்கள். இந்தப் பெரியவர் ஒருத்தர்தான் என் மகளுக்கு இந்த சீட்டு அவசரம், ரொம்ப அவசரம் என்று மேசையைத் தட்டிச் சொல்கிறார். அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடப் பாவி வரதராஜா! தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் ஆகவேண்டும் என்று அர்த்தம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. சீட்டு தேவையில்லையா என்று அந்தம்மாள் தெலுங்கில் கேட்டிருக்கிறார். தேவை, ரொம்பத் தேவை என்று நான் மேசையைத் தட்டியிருக்கிறேன். நாற்பத்தொன்பது வருஷம் ஆந்திராவிலேயே கிடக்கிறேன். இந்த ஒரு சொல்லை ஆயிரம் தடவை சரியாகப் பேசியிருக்கிறேன். பாழாய்ப்போன கோபம் அன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது.

ஹாலில் கை தட்டினார்கள். தட்டட்டும், தப்பைச் சரி செய்துவிடலாம் என்று சட்டைப்பையிலிருந்து லெட்டரை உருவினேன். அதற்குள் பாபு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கடைசி நிமிஷத்தில் மனசு மாறிவிட்டதா அண்ணா?" என்று தெலுங்கில் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்த பாஷை வருமோ என்று பயம். அவர் திரும்பி பெஞ்சில் இருந்த மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கவுன்டருக்கு முன்னால் போய், "மா அம்மாயிக்கி கூடா அவசரமே" என்றார். எங்கள் பெண்ணுக்கும் தேவைதான் என்கிறார் மனுஷன்! நீரஜா எழுந்து ஓடி வந்தாள். அப்பாவின் கையெழுத்தை அவள் பார்த்த பார்வையை என்னால் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

என் கையில் லெட்டர். என் மகளுக்கு சீட்டு வேண்டாம் என்கிற லெட்டர். அதை அந்தப் பெண்ணுக்கு முன்னால் எப்படி நீட்டுவது? எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை. லெட்டரை மறுபடி சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். கவுன்டர் அம்மாள் எனக்கென்று ஒரு டீ வரவழைத்தார். குடித்தேன், வேறென்ன செய்வது?

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். மணி ஒன்றரை. நாலு மணி வரைக்கும் நேரம் இருந்தது. பாபுவும் மகளும் கிளம்பிப் போனதும் திரும்பிப் போய் லெட்டரைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பசித்தது. மூன்று நாளாக உப்பில்லாமல் தின்ற நாக்கு. இரண்டு மசால் வடை வாங்கினேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது, தேவாமிர்தம். இன்னும் இரண்டு வாங்கினேன். தின்று முடித்துவிட்டு, ஏதோ யோசனையில் கையைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் பார்த்தேன், அந்த லெட்டர். அகிலா திருத்திய இரண்டு எழுத்தும் எண்ணெயில் பளபளத்தன.

அப்போது புரோக்கர் கங்கையா கூப்பிட்டார். அவர் என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார். சீட்டை கேன்சல் செய்தாகிவிட்டதா, வெள்ளிக்கிழமை பூ வைப்பது உறுதிதானே, மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று மூச்சு விடாமல் பேசினார். என்ன சொல்வதென்று தெரியாமல், "கங்கையா, அவசரம் லேது" என்றேன்.

அந்தப் பக்கம் "அவசரம் லேதா?" என்று ஒரு கத்தல். போன் கட்.

இரண்டு நாள் பொறுப்போம், என்ன அவசரம் என்கிற தமிழ் அர்த்தத்தில் சொன்னேனா, இந்தக் கல்யாணமே தேவையில்லை என்கிற தெலுங்கு அர்த்தத்தில் சொன்னேனா? இன்றைக்கும் எனக்கே தெரியாது. திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம், கூப்பிடவில்லை. திரும்பக் கவுன்டருக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நகரி பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. மாசிலாமணி பொதட்டூர்பேட்டைக்குப் போயே போய்விட்டான். மூன்றாவது தறி சும்மா நின்றது. யஸ்வந்த் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அகிலா வாசல்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கங்கம்மாள், ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் உப்பு டப்பா. இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றேன்.

"அந்த மேடம் போன் பண்ணாங்க நைனா" என்றாள் அகிலா. "உங்க நைனா மேசையத் தட்டி சீட்டு கேட்டாரு, நீ குடுத்து வச்சவ அப்படின்னாங்க."

"அப்படியா சொன்னாங்க?" என்றேன்.

"கேட்டதும் எனுக்கு அழுகையா வந்துடுச்சு. ஒரு மணி நேரம் அழுதுகினே இருந்தேன்." காலையில் அழாதவள் மத்தியானம் அழுதிருக்கிறாள். "அப்பறம்தான் யோசிச்சேன். மேசையத் தட்டற அளவுக்குக் கோவம் வந்தா எங்க நைனாவுக்குத் தெலுங்கே வராதே?"

பெற்ற பெண்ணுக்கு இவ்வளவு மூளை ஆகாது.

"இன்னான்னு சொன்ன நைனா, அவசரம்னா?"

"ஆமா."

"தமிழ்ல சொன்னியா, தெலுங்குல சொன்னியா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"தமிழ்னா சொல்லிடு. கோச்சுக்க மாட்டேன். நாளைக்கு நானே போயி, எங்க நைனா வேற சொன்னாரு, நீங்க வேற புரிஞ்சிகினீங்கன்னு சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். தப்பாக் கெடச்ச சீட்டு எனுக்கு வேணாம். உனுக்கு இஷ்டமிருந்தாத்தான் நான் போவேன்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். லெட்டரைக் கேட்கிறாள் என்று புரிந்தது. எடுத்துக் கொடுத்தேன். மசால் வடை வாசனையோடு எண்ணெய்க் காகிதமாக அவள் கைக்குப் போனது. அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முகம் இன்னும் காலையில் இருந்த மாதிரித்தான் இருந்தது. ஒரு பதிலுக்காக அப்படியே வைத்திருந்தாள். கங்கம்மாள் டப்பாவைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

காளஹஸ்திக்காரர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததே, அதை என் பெண்ணின் முகத்தில் பார்க்காமல் சாகப்போகிறேனா என்று தோன்றியது. கோபம் துளிக்கூட இல்லை. அதனால் வீட்டு வாசலில், அவள் பிறந்ததிலிருந்து நான் தமிழைத் தவிர வேறு பேசாத பெண்ணிடம், முதல்முறையாகத் தெலுங்கில் வாயைத் திறந்தேன்.

"தெலுகுலோனே செப்பினேன்மா" என்றேன். தெலுங்கில்தான் சொன்னேன் என்று அர்த்தம்.

அகிலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செப்பினேன் இல்ல நைனா, செப்பினானு" என்று, நான் ஒட்டிய தமிழ் வாலைத் திருத்தினாள்.

கங்கம்மாள் உப்பு டப்பாவைத் திறந்துகொண்டே உள்ளே போனாள்.